கை பிரஸ்ஸின் கோணலைச் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி வட்டாரத்துச் சிறு பட்டறைகளில் வாஷர், கீல், தாழ்ப்பாள் பட்டை முதலியவற்றை அடிப்பதற்குக் குண்டு வைத்த கை பிரஸ்ஸை நம்பியிருப்பவர்கள் இன்றும் பலர். இதில் மேலும் கீழும் இயங்கும் ராமின் நுனியில் மாட்டிய பஞ்ச், பெட் என்ற அடித்தட்டில் பொருத்திய டையின் துளைக்குள் இறங்கித் தகட்டை வெட்டும். அடித்த துண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பிசிறு தடித்து வரத் தொடங்கியதும், “அண்ணாச்சி, டையக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வச்சாப் போதும்லா” என்ற யோசனைதான் முதலில் வரும். பெரும்பாலான சேதம் அங்கிருந்தே தொடங்குகிறது. ராம் சாய்ந்து இறங்குகிறதா, பஞ்ச் சாய்வாக மாட்டப்பட்டிருக்கிறதா, டை நகர்ந்திருக்கிறதா என்று பிரித்தறியாமல் டையைத் தள்ளுவது, இருக்கும் கோணலோடு இன்னொன்றைச் சேர்ப்பதாகும்.

1 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டுக்குப் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்கு ஏறத்தாழ 0.05 மி.மீ. இடைவெளிதான் விடுகிறோம். ராம் 0.1 மி.மீ. விலகி இறங்கினாலே இரண்டு விளிம்புகளும் மோதிச் சிதையும் என்பதால், கண்மதிப்பு இங்கே உதவாது. முதலில் பஞ்சையும் டையையும் சேர்த்து அரைவட்டம் திருப்பி மாட்டி, ஒரு துண்டு அடித்துப் பார்க்க வேண்டும். பிசிறும் கூடவே இடம் மாறினால் பழுது டூலில் (பஞ்ச், டை ஜோடியில்) இருக்கிறது. பழைய பக்கத்திலேயே நின்றால் பிரஸ்ஸைச் சந்தேகிக்கலாம். பிறகு டூலைக் கழற்றிவிட்டு, துரு நீக்கித் துடைத்த பெட்டின் மேல் மூலைமட்டத்தை நிறுத்தி, நுண்ணிய விலகலையும் காட்டும் டயல் கேஜை ராமில் பிடித்து, அதன் முனையை மூலைமட்டத்தின் மேல் வைத்து, ராமை மெல்ல இறக்கி, இடம் வலமாக ஒரு முறையும் முன் பின்னாக ஒரு முறையும் அளக்க வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் வார்ப்பிரும்பு பெட்டில் ஓரிரவிலேயே படியும் துருப்பொடிகூட இந்த அளவைப் பொய்யாக்கிவிடும்.

அடுத்த தவறு, ராமின் வழித்தடத்தில் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டையான கிப்பில் நடக்கிறது. ராமை உச்சியில் நிறுத்தி ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இல்லை என்று முடிவு செய்கிறார்கள். வழித்தடம் தேய்வதோ, ராம் நாள்தோறும் வேலை செய்யும் கீழ்ப்பகுதியில்தான். ஆகவே ஆட்டத்தை அந்த நிலையிலேயே பார்க்க வேண்டும். அங்கே ஆட்டம் தீரும்வரை கிப்பை நெருக்கும் செட் ஸ்க்ரூக்களை முறுக்கிய பின் ராம் மேலே ஏறும்போது இறுகினால், தேய்மானம் சமமாக இல்லை என்று பொருள். இனி ஸ்க்ரூவால் பயனில்லை. வழித்தடத்தை ஸ்கிரேப் செய்தே (சுரண்டிச் சமமாக்கியே) ஆக வேண்டும். இதைத் தள்ளிப்போட ஒரு ஸ்க்ரூவை மட்டும் தளர்த்தி வைத்தால், கிப் வளைந்து, ராம் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு விதமாய் இறங்கும்.

சாய்ந்த ராமுக்கு ஈடாக டையின் அடியில் தகரத் துண்டு சொருகுவதும் கூடாது. டை சாய்வாக உட்காருமே தவிர, ராம் இறங்கும் பாதை மாறாது. பிரஸ்ஸின் சட்டத்தைச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தலாம் என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். பஞ்சின் தண்டை ஒரு பக்கச் செட் ஸ்க்ரூ மட்டும் பிடிக்கும் பிரஸ்களில், தண்டு துளையைவிடச் சிறிதாக இருந்தால், முறுக்கும்போதே பஞ்ச் சாய்ந்துவிடும். அங்கே அளவான புஷ் (உறை) போட வேண்டும்.

வெறும் ராம் நேராக இறங்கியும் வேலையில் பிசிறு வந்தால், பளுவைக் கணக்கிடுங்கள். 20 மி.மீ. வட்டத்தை 1 மி.மீ. மைல்டு ஸ்டீலில் வெட்டவே 2 டன்னுக்கு மேல் விசை வேண்டும். பிரஸ்ஸின் தகுதிக்கு மீறினால், முன்புறம் திறந்த சட்டம் வாய் பிளந்து, முன் பின் நேர்மை கெடும்.

கையை உள்ளே விடும் முன் ராமுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, குண்டுக் கையைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். இதில் அவசரம் வேண்டாம். கடைசியாக, பஞ்சை டைக்குள் மெல்ல இறக்கி, அந்த நிலையிலேயே டையின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலில் இறுக்கினால் டை நகர்ந்துவிடும். முறுக்கி முடித்ததும் மெல்லிய காகிதத்தை வைத்துக் கையாலேயே இறக்கிப் பார்த்து, அது சுற்றிலும் ஒரே சீராக வெட்டுப்பட்ட பிறகே தகட்டை வையுங்கள்.