தார் போடும் முன் ஓரத்தை வெட்டிப் பாருங்கள்: சாலைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குப் புதிதாக வந்த பொறியாளர் ஒருவர், முதலைத்தோல் மாதிரி வெடித்துக் கிடக்கும் சாலைக்கு 40 மி.மீ. தார் அடுக்கு போட மதிப்பீடு தயாரித்துக் கொண்டுவந்தார். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன, நானும் ஒரு காலத்தில் அதையே போட்டவன். கொட்டும் மழையில் தார் போடக் கூடாது என்பது மாதிரியான விஷயங்கள் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓரத்தைக் கவனிக்காமல் மேலே தார் போடுவது

நான் போட்ட சாலை முதல் நாள் பளபளவென்று இருந்தது. ஒரே ஒரு மழைக்காலம்தான். சக்கரத் தடத்தில் பழைய வெடிப்புகள் அதே இடத்தில், அதே வடிவத்தில் மேலே வந்துவிட்டன. லாரி ஏறும்போதெல்லாம் வெடிப்பு வழியே சாம்பல் நிறச் சேறு பிதுங்கியது. கலவை சரியில்லை என்று ஒப்பந்ததாரரோடு சண்டை போட்டேன். வயதான மேஸ்திரி ஒருவர்தான், "ஓரத்தை வெட்டிப் பாருங்க சார்" என்றார். கடப்பாரையால் ஒரு முழம் தோண்டினோம். மழை நின்று நான்கு நாள் ஆகியும், ஜல்லி அடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து குழியில் ஊறியது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, ஓரம் பள்ளமாகிறது. பள்ளத்தை நிரப்பக் கையில் கிடைத்த களிமண்ணைக் கொட்டுகிறோம். அதில் புல் முளைத்து, வண்டல் சேர்ந்து, ஓரம் சாலையைவிட மேடாகிவிடுகிறது. மேலே விழும் மழை விளிம்பிலேயே தேங்குகிறது. உள்ளே இறங்கியதும் பக்கவாட்டில் வெளியேற முடிவதில்லை. மண் உலர்ந்திருந்தால்தான் பாரம் தாங்கும் என்று ஸ்காட்லாந்துச் சாலைப் பொறியாளர் மெக்காடம் 200 ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார். நாம் சாலையைத் தண்ணீர்த் தொட்டியாக்கி, அதற்கு மூடியும் போடுகிறோம். லாரியின் அச்சுச் சுமை, அதாவது ஓர் அச்சின் சக்கரங்கள் சாலைமேல் இறக்கும் பாரம், இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு ஆகும். ஊறிய ஜல்லியின்மேல் அந்த லாரி ஓடினால் என்ன ஆகும்?

முதலில் ஓரத்து மேட்டைச் சீவுங்கள். தார்ச்சாலைக்கு 2 முதல் 2.5 சதவீதம் சரிவு என்றால், ஓரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். சிறுபாலத்தின் வாயைத் தூர்வாருங்கள். சேறு பிதுங்கும் இடங்களில் ஜல்லிவரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அப்புறம் தார்.

எமல்ஷன் பழுப்பாக இருக்கும்போதே கலவையைக் கொட்டுவது

புதுக் கலவை ஒட்டுவதற்காக முதலில் தெளிக்கும், தண்ணீர் கலந்த தார்தான் எமல்ஷன். பழுப்பாக இருந்தால் தண்ணீர் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். கறுப்பாகும்வரை பொறுங்கள்.

மோசமான சாலையிலிருந்தே ஆரம்பிப்பது

புகார் வருவது அங்கிருந்துதான், புரிகிறது. ஆனால் முழுக்கக் கெட்ட சாலையை எப்படியும் தோண்டித்தான் கட்ட வேண்டும், இன்னொரு வருடம் போனாலும் செலவு பெரிதாக ஏறாது. மெல்லிய வெடிப்பு விட்ட சாலையை இந்த மழைக்கு முன் அடைக்காவிட்டால் அதுவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். கெட்ட சாலையில் பள்ளங்களை மட்டும் ஆபத்தில்லாமல் மூடிவிட்டு, மிச்சப் பணத்தை மெல்லிய வெடிப்புகளை அடைப்பதில் போடுங்கள்.

பாலத்தின்மேலும் அப்படியே தார் போட்டுக்கொண்டு போவது

50 மி.மீ. தார் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ, பாலம் அதை எப்போதும் சுமக்க வேண்டும். வெயிலில் பாலம் விரிய இடம் விடும் விரிவு இணைப்பு புதைந்துவிடும், மழைநீர்க் குழாயும் அடைபடும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள்.