கட்டுரைத் தாளில் புள்ளி வேண்டாம், குறிப்பு போதும்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் டியூஷன் நடத்துகிறவர்களுக்கு ஒன்று: வாராந்திரக் கட்டுரைப் பயிற்சியைத் திருத்தும்போது புள்ளி (மதிப்பெண்) போடாதீர்கள். எதை, எப்படித் திருத்த வேண்டும் என்று இரண்டு வரி மட்டும் எழுதிக் கொடுங்கள். அப்புறம், வகுப்பிலேயே பத்து நிமிடம் கொடுத்து அந்தப் பத்தியைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். இதை விட்டால் பாதிப் பலன் போய்விடும்.

புள்ளியைப் பார்த்ததும் பிள்ளையின் கண் பக்கத்து மாணவனின் தாளுக்குப் போய்விடுகிறது. நாம் எழுதிய குறிப்பை யாரும் படிப்பதில்லை. கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இஸ்ரேலின் 5, 6ஆம் வகுப்பு மாணவர்களில் குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள், புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். அதாவது இரண்டையும் போடுவது நமக்கு இரட்டை வேலை, பிள்ளைக்கு லாபம் இல்லை.

குறிப்பு தெளிவாக இருக்க வேண்டும். ‘நன்று’, ‘இன்னும் முயற்சி செய்’ எல்லாம் குறிப்பே இல்லை. ‘இரண்டாம் பத்தியில் கருத்து இருக்கிறது, சான்று இல்லை, ஒன்று சேர்’ என்பதுதான் குறிப்பு.

எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முன்னோட்டத் தேர்வுக்கு இது பொருந்தாது. அங்கே, தாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பது மாணவருக்குத் தெரிந்தாக வேண்டும், புள்ளியைப் போட்டுவிடுங்கள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கும் இது தேவையில்லை. பெற்றோர் புள்ளி கேட்டால் உங்கள் பதிவேட்டில் மட்டும் குறித்து வைத்து, தனியாகச் சொல்லுங்கள்.