ஆர்த்தோபீடிக்கில் ஒளிந்திருக்கும் குழந்தை

பெடல், பெடஸ்ட்ரியன் எல்லாம் காலோடு சம்பந்தப்பட்டவை. அதனால் எலும்பு, மூட்டு மருத்துவத்தைக் குறிக்கும் ஆர்த்தோபீடிக் என்ற சொல்லிலும் கால்தான் இருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பதோ குழந்தை! இப்படிப்பட்ட சொற்களை அடையாளம் காண்பது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: வேரைப் பிடியுங்கள்

பழங்கிரேக்கத்தில் 'பாய்ஸ்' என்றால் குழந்தை. (ஆங்கில 'பாய்' இதிலிருந்து வந்ததல்ல, ஏமாந்துவிடாதீர்கள்.) நம் 'மரம்' வேற்றுமை ஏறினால் 'மரத்தின்' ஆவதுபோல, 'பாய்ஸ்' அங்கே 'பாய்டோஸ்' ஆகும். ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது இந்த 'பாய்ட்'தான்.

படி 2: பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டைப் பாருங்கள்

பீடியாட்ரிக்ஸ் (குழந்தை மருத்துவம்), ஆர்த்தோபீடிக் இரண்டிலும் பிரிட்டிஷ்காரர்கள் 'பி'க்குப் பிறகு 'ஏ', 'ஈ' இரண்டையும் எழுதுவார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'ஏ'யை விட்டுவிட்டார்கள். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. லத்தீன் காலிலிருந்து வந்த பெடல், பெடிக்யூர் போன்றவற்றில் அந்த 'ஏ' எந்த நாட்டிலும் வராது. பெடகாஜி (கற்பிக்கும் முறை) ஒரு விதிவிலக்கு: குழந்தைச் சொல்தான், ஆனால் பிரிட்டனிலும் பெரும்பாலும் 'ஏ' இல்லாமலே எழுதுகிறார்கள்.

படி 3: இரண்டாகப் பிரியுங்கள்

பீடியாட்ரிக்ஸின் பின்பாதி 'இயாட்ரோஸ்', அதாவது மருத்துவர். சைக்கியாட்ரியின் வாலிலும் இதே ஆள்தான். பெடகாஜியில் வருவது 'அகோகோஸ்', அழைத்துச் செல்பவர். பண்டைய ஏதென்ஸில் வீட்டுப் பையனைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் வந்த அடிமைக்குத்தான் இந்தப் பெயர். அவர் பாடம் நடத்தியவர் அல்ல.

சரி, ஆர்த்தோபீடிக்? 'ஆர்த்தோஸ்' என்றால் நேரான. நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடற்கோணல்களைத் தடுப்பது, நிமிர்த்துவது பற்றி 1741-ல் எழுதிய நூலுக்காக உருவாக்கிய சொல் இது. வளைந்த இளமரத்தை ஒரு கம்போடு கயிற்றால் கட்டி வைத்திருக்கும் படம் அந்த நூலில் உண்டு. இன்றும் இந்தத் துறையின் சின்னம் அதுதான். எலும்பு என்ற பொருளே சொல்லில் கிடையாது. ஆனாலும் பாட்டியின் மூட்டு வலிக்கு நாம் போவது அங்கேதான்!

என்சைக்ளோபீடியாவையும் பிரித்துவிடலாம். 'என்கைக்ளியோஸ் பாய்டெயா' என்ற இரண்டு சொற்கள் ஒன்றாகச் சேர்த்து எழுதப்பட்டதில் பிறந்தது அது. பொதுவான, முழுமையான கல்வி என்று பொருள். 'பாய்டெயா' என்பது குழந்தையை வளர்த்து ஆளாக்குவது. 2001-ல் அதன் வாலை வெட்டி, வேகம் என்று பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லான 'விக்கி'யோடு ஒட்டினார்கள். அப்படித்தான் விக்கிப்பீடியாவுக்குள்ளும் குழந்தை வந்துவிட்டது.

படி 4: போலிகளைக் கழியுங்கள்

பெடோமீட்டர், சென்டிபீட் இரண்டும் கால். பெடிகிரியும் கால்தான், ஆனால் கொக்கின் கால்; வம்சாவளிக் கோடுகள் அப்படித் தெரிந்தனவாம். பாத மருத்துவமான பொடியாட்ரியில் இருப்பது கிரேக்கக் கால். ஒரு உயிரெழுத்து மாறினால் குழந்தை டாக்டர் பாத டாக்டராகிவிடுவார்.

கடைசியாக ஒரு முரட்டு ஆசாமி: பெடாலஜி. அமெரிக்க எழுத்துக்கூட்டில் இது குழந்தைகளைப் பற்றிய ஆய்வாகவும் இருக்கலாம், மண்ணியலாகவும் இருக்கலாம். மண்ணுக்குக் கிரேக்கத்தில் 'பெடோன்'. இதற்கு மட்டும் எந்தப் படியும் உதவாது. முழு வாக்கியத்தையும் படித்துத்தான் ஆக வேண்டும்.