குளிர்கால இரவில் ரிச்மண்ட் பார்க்கைச் சைக்கிளில் கடப்பது எப்படி

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்ததுமே லண்டனில் சாயங்காலம் என்று ஒன்று காணாமல் போய்விடும். டிசம்பர் நடுவில் நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். கிங்ஸ்டன், நியூ மால்டன், டோல்வொர்த் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அதில் ரிச்மண்ட், ரோஹாம்ப்டன் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கோடை முழுக்க ரிச்மண்ட் பார்க் வழியாகச் சைக்கிளில் போய் வந்துவிட்டு, நவம்பர் பிறந்ததும் சைக்கிளை ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. இருட்டியதும் கார்கள் போகும் பெரிய கேட்களைச் சாத்திவிடுவார்கள்; பக்கத்திலுள்ள சின்னக் கேட் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்தே இருக்கும். அதாவது பகலில் காரோடு காராக நெருக்கிக்கொண்டு போகும் அதே தார்ரோடு ராத்திரியில் கிட்டத்தட்ட முழுக்க நமக்குத்தான். பூங்காவின் அலுவலக வண்டி ஒன்றிரண்டு வரலாம், அவ்வளவுதான். கிங்ஸ்டன் கேட்டிலிருந்து ரிச்மண்ட் கேட் மூன்றரைக் கிலோமீட்டர் வாக்கில் இருக்கும், மெதுவாக மிதித்தாலும் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம்.

முதலில் கேட் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கேட் பூட்டியிருந்தால் பிரயோஜனமில்லை. வருடத்தில் இரண்டு முறை, நவம்பரையும் பிப்ரவரியையும் ஒட்டி, மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க இரவில் சிலவற்றைச் சுட்டு எடுப்பார்கள். அந்த வாரங்களில் சின்னக் கேட்களையும் இரவு 8 மணிக்குப் பூட்டி மறுநாள் காலை 7:30க்குத்தான் திறப்பார்கள். தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், கேட்டில் அறிவிப்பு ஒட்டியிருக்கும், பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ராயல் பார்க்ஸ் அமைப்பின் இணையதளத்திலும் போடுவார்கள். பூட்டியிருக்கும்போது சுவர் ஏறிக் குதித்துப் போகலாம் என்ற யோசனையே வேண்டாம், உள்ளே ஆட்கள் துப்பாக்கியோடு இருப்பார்கள். அந்த நாட்களில் ரிச்மண்டுக்கு ஹாம், பீட்டர்ஷம் வழியாக ஏ307 சாலை, ரோஹாம்ப்டன் பக்கம் என்றால் கிங்ஸ்டன் ஹில் ஏறி ராபின் ஹுட் ரவுண்டானா. தேம்ஸ் கரைப் பாதையை நான் சொல்லமாட்டேன். அதுவும் இருட்டு, சேறு வேறு, சில நாட்களில் ஆற்றுத் தண்ணீரே பாதைமேல் ஏறிவிடும்.

சரி, இப்போது இருட்டு. 1637-இல் முதலாம் சார்லஸ் மன்னர் வேட்டைக்காகச் சுவர் எழுப்பி வளைத்துப்போட்ட இடம் இது. 955 ஹெக்டேர் பரப்பு, சுமார் 630 மான்கள், பழைய ஓக் மரங்கள், வௌவால்கள், உளுத்த மரத்தில் வளரும் கொம்பு வண்டுகள் எல்லாம் இருப்பதால் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். உள்ளே தெருவிளக்கு கிடையாது, அது அப்படியே இருப்பதுதான் நல்லது. ஆனால் அதனால் ஒரு விஷயம் உங்கள் தலையில் வந்து விழுகிறது: சைக்கிளில் இருக்கும் லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறதோ, அந்தத் தூரத்துக்குள் உங்களால் நிற்க முடிய வேண்டும். வேகத்தைக் கால் முடிவு பண்ணக் கூடாது, லைட்தான் முடிவு பண்ண வேண்டும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறீர்கள். எதையோ பார்த்து, அது என்ன என்று புரிந்து, பிரேக்கில் கை போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால் அதிலேயே எட்டு மீட்டர் போய்விட்டது. ஈரத் தாரில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஐந்து, ஆக 13, 14 மீட்டர். இதுவே 30 கிலோமீட்டர் வேகமென்றால் 24 மீட்டர் வாக்கில் ஆகிவிடும். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் என்றால் ஈரத்தில் முதல் ஒரு சுற்று சும்மா வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கும், இன்னும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குள்ள ரோட்டில் ‘நான் இருக்கிறேன்’ என்று காட்டுவதற்காக மாட்டும் சின்ன மினுக்கு லைட் ஐந்து மீட்டர்கூடக் காட்டாது. அதை நம்பி இந்தப் பூங்காவுக்குள் போகாதீர்கள்.

400லிருந்து 600 லூமன் (லைட் தரும் வெளிச்சத்தின் அளவு) வரை தரும் லைட் தாராளமாகப் போதும். ஆயிரம், இரண்டாயிரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் பாதி வெளிச்சம் மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும்தான் போகும். காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால் ஜெர்மன் விதிப்படி செய்த லைட் வாங்குங்கள். கார் ஹெட்லைட் மாதிரி மேல்விளிம்பு வெட்டினாற்போல் நின்று, வெளிச்சம் முழுக்க ரோட்டில் விழும். வட்டமாக அடிக்கும் சாதாரண லைட்டே வைத்திருந்தாலும் சரியாகச் சாய்த்து வைத்தால் வேலை நடக்கும். வீட்டுச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிச் சைக்கிளை நேராக நிறுத்துங்கள். லைட்டின் உயரத்தைச் சுவரில் ஒரு கோடாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தின் நடுப்புள்ளி அந்தக் கோட்டுக்கு ஒரு ஜாண் கீழே விழும்படி சாய்த்து முடுக்குங்கள். லைட் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த நடுப்புள்ளி ரோட்டில் சுமார் 20 மீட்டர் தள்ளி விழும், நம் கணக்குக்குச் சரியாக வரும். ரப்பர் பட்டையில் மாட்டும் லைட் குலுங்கிக் குலுங்கித் தலை கவிழும், கேட் தாண்டியதும் ஒருமுறை கையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு லைட் எரிய வேண்டும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும், 1985 அக்டோபருக்குப் பிறகு செய்த சைக்கிளென்றால் பெடலில் ஆம்பர் ரிஃப்ளெக்டரும் வேண்டும். மினுக்குவது அனுமதிதான். ஆனால் தெருவிளக்கில்லாத இடத்தில் முன் லைட் நிலையாக எரிவது நல்லது என்று பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடே சொல்கிறது, அனுபவத்திலும் அதுதான் சரி. மினுக்கும் வெளிச்சத்தில் பள்ளத்தின் ஆழமும் தெரியாது, எதிரே வருகிறவருக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதும் பிடிபடாது.

தலையில் மாட்டும் லைட் வளைவில் திரும்பிப் பார்க்க, சங்கிலி கழன்றால் மாட்ட, ரொம்ப உதவும். ஆனால் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் அதைப் போட்டுக்கொண்டு கிங்ஸ்டன் கேட் பக்கத்து டார்க் ஹில் மேட்டில் ஏறிப் பாருங்கள்: நீங்கள் விடும் ஒவ்வொரு மூச்சும் நெற்றி லைட்டில் பளீரென்று வெள்ளைத் திரையாகக் கண்ணுக்கு நேரே எழும்பி, அது கலைவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும், ரோடு விட்டு விட்டுத்தான் தெரியும். மூடுபனியிலும் இதே கதை. பனித்துளியில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அப்போதெல்லாம் தலை லைட்டை அணைத்துவிட்டு, ஹேண்டில்பாரில் இருப்பதையும் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்தால்தான் ரோடு அதிகமாகத் தெரியும், செய்து பார்த்தால் நம்புவீர்கள்.

கண்ணுக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும், அதற்குள் நாம் பூங்காவைத் தாண்டியே விடுவோம். அதனால் உள்ளே நுழைந்த முதல் சில நிமிடம் வேகம் எடுக்காதீர்கள், உள்ளே போய் போன் திரையைப் பார்க்காதீர்கள். எதிரே யாராவது கண் கூசும் லைட்டோடு வந்தால் அதை நேராகப் பார்க்காமல் உங்கள் பக்கத்து இடது ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள். அவர் தாண்டிப் போனதும் ஓரிரு நொடி கண் வெறுமையாக இருக்கும், அந்த நேரத்தில் பெடலை நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, வானம் மூடியிருக்கும் இரவில் பூங்கா தெளிந்த இரவைவிட வெளிச்சமாகத்தான் இருக்கும், நகரத்தின் வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பிவரும். தெளிந்த, நிலா இல்லாத இரவுதான் நிஜமான கும்மிருட்டு, தரை உறைவதும் அன்றைக்குத்தான்.

மான் பற்றிச் சொல்லாமல் முடியாது. முதலில் தெரிவது உடம்பு இல்லை, கண். லைட்டின் எல்லையில் பச்சை கலந்த இரண்டு புள்ளி, அசையாமல். அதைப் பார்த்ததுமே மிதிப்பதை நிறுத்திப் பிரேக்கில் விரலை வைத்துவிடுங்கள். ஒரு மான் ரோட்டைத் தாண்டினால் பின்னாலேயே இன்னும் நாலைந்து வரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘போய்விட்டது’ என்று நினைத்து மிதிக்கும்போதுதான் கடைசிக் குட்டி தன் கூட்டத்தைப் பிடிக்கக் குறுக்கே ஓடிவரும். கூட்டத்துக்கு நடுவில் புகுந்து போகவே கூடாது. லைட்டைக் குறைத்து, நின்று, எல்லாம் போனபிறகு கிளம்புங்கள், ஒரு நிமிடம் ஆகுமா? பெல் அடித்து விரட்டினால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. மான்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளியே இருக்கச் சொல்கிறார்கள், ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்தால் அது நடக்காது, ஆனால் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை இணைசேரும் பருவத்தில் கொம்புள்ள ஆண் மான் ரோட்டிலோ பக்கத்திலோ நின்று கத்திக்கொண்டிருந்தால் நான் தயங்காமல் திரும்பி வேறு கேட் வழியாகப் போகச் சொல்வேன்.

மனிதர்கள்தான் மானைவிடக் கஷ்டம், அவர்கள் கண் மின்னாது. தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்தி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் வருவார்கள். நாய் ஒரு ஓரம், ஆள் ஒரு ஓரம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத கயிறு என்று நடப்பவர்களும் உண்டு. நாயின் கழுத்தில் மினுக்கும் பட்டையைக் கண்டால் அதன் ஆள் எங்கே என்று தெரியும்வரை தாண்டாதீர்கள். தூரத்திலிருந்தே பெல்லை லேசாக அடித்து, பக்கத்தில் வந்ததும் ஒரு ‘ஹலோ’ சொல்லிவிட்டுப் போனால் அவர்களுக்கும் பயம் தெளியும், முக்கியமாகத் தனியாக நடக்கும் பெண்களுக்கு. பூங்காவைச் சுற்றிப் போகும் டாம்சின் டிரெயில் பாதையில் இந்தத் தொல்லை அதிகம், சேறும் அதிகம், ராத்திரிக்குத் தார்ரோடே மேல்.

நீங்கள் அடுத்தவர் கண்ணில் படுவதற்கு அந்தப் பளீர் மஞ்சள் ஜாக்கெட்டை நம்பாதீர்கள். அந்த நிறம் மின்னுவது பகல் வெளிச்சத்திலுள்ள புறஊதாக் கதிரால், இருட்டில் அது சாதாரணத் துணி. லைட் பட்டால் திருப்பி மின்னும் வெள்ளிநிறப் பட்டைதான் வேலை செய்யும், அதையும் கணுக்காலில் கட்டினால் மேலும் கீழும் ஆடும் ஆட்டத்திலேயே ‘இது சைக்கிள்’ என்று பார்ப்பவருக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

குளிரைப் பொறுத்தவரை கையும் காதும் மூடியிருந்தால் மற்றது மிதிக்க மிதிக்கச் சூடாகிவிடும், கிளம்பும்போது கொஞ்சம் குளிர்ந்தால்தான் உடை சரி என்று அர்த்தம். கையுறை தடிமனாக இருந்து பிரேக் விரலுக்குப் படாமல் போகக் கூடாது. ஓக் இலை ஈரத்தில் ஊறிக் கிடக்கும் இடங்களிலும், வானிலை அறிக்கை பூஜ்யத்துக்குக் கீழே என்று சொன்ன இரவில் பெவர்லி புரூக் ஓடையை ஒட்டிய தாழ்வான பகுதியிலும் கவனம். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும், மேட்டில் வெறும் ஈரமாக இருந்த ரோடு கீழே கண்ணாடியாக உறைந்திருக்கும். புரூம்ஃபீல்ட் ஹில்லில் ராபின் ஹுட் கேட் பக்கம் இறங்கும்போது வேகத்தை மேட்டிலேயே குறைத்துவிடுங்கள், பளபளப்பான தரைக்கு வந்தபிறகு பிரேக்கும் வேண்டாம், ஹேண்டிலை வெட்டவும் வேண்டாம், நேராக உருளவிடுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும்.

வழிப்பறி பயம் பலருக்கு உண்டு, அது வீண் பயமும் இல்லை. 2021 அக்டோபரில் இங்கேயே ஒரு தொழில்முறை வீரரிடம் பெரிய கத்தியைக் காட்டிச் சைக்கிளைப் பறித்துக்கொண்டு போனார்கள். விலை கூடிய சைக்கிளை ராத்திரிக்கு எடுக்காதீர்கள். போன் பையில் இல்லாமல் உடம்போடு இருக்கட்டும், கேட்டால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு 999ஐ அழையுங்கள். உள்ளே தெருப்பெயர் இல்லாததால் எந்தக் கேட்டுக்கும் எந்தக் கேட்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள் என்பது எப்போதும் மனதில் இருக்க வேண்டும். முதல் சில தடவை துணையோடு போங்கள், அதற்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அதே வழியில் போய்ப் பள்ளம், வேகத்தடை, வளைவு எல்லாம் எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பெட்டியில் மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால் இரண்டு என்று எண்ணிக்கொண்டு, பையில் இன்னொரு சின்ன லைட்டைப் போட்டு வையுங்கள், டயர் பஞ்சரானால் அந்த வெளிச்சத்தில்தான் ட்யூப் மாற்ற வேண்டியிருக்கும். வீடு வந்ததும் லைட்டைக் கழற்றி உள்ளே எடுத்துவந்து சார்ஜில் போடுங்கள், ஷெட்டில் விடாதீர்கள். வெளிரோட்டில் தூவியிருக்கும் உப்பு சங்கிலியில் ஒட்டியிருக்கும், பழைய துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டால் மறுநாளைக்குச் சைக்கிள் தயார்.