பரதநாட்டிய முத்திரைகள்: கை தவறும் இடங்கள்

நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூல் ஒற்றைக்கை முத்திரைகளை 28 என்று வரிசைப்படுத்துகிறது. அந்தச் சுலோகத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள்கூட முதல் முத்திரையான பதாகத்திலேயே சறுக்குவதுண்டு.

பதாகத்தில் நான்கு விரலும் ஒட்டி நிமிர்ந்திருக்க, கட்டைவிரல் மடங்கி ஆள்காட்டி விரலின் அடியோரம் படிந்திருக்க வேண்டும். அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) வேகம் பிடித்ததும் கவனம் முழுக்கக் காலுக்குப் போய்விடும்; கட்டைவிரல் மெல்ல விலகும். முழுக்க விரிந்துவிட்டால் அது பதாகமே அல்ல, அர்த்தசந்திரன். கட்டைவிரல் இடுக்கில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து ஆடிப் பாருங்கள். எந்த இடத்தில் விரல் தளர்கிறது என்று அது விழும்போது தெரிந்துவிடும்.

பதாகத்தில் மோதிர விரலை மட்டும் மடக்கினால் திரிபதாகம்; இங்கே வம்பு சுண்டுவிரலிடம். மோதிர விரலை மடக்கினால் இதுவும் கூடவே சாயும். இரண்டின் தசைநார்களும் பிணைந்திருப்பதால் இதைச் சோம்பல் என்று திட்டிப் பயனில்லை. ஆனால் எதிரே இருப்பவர் கண்ணுக்கு அது இரண்டு விரலும் மடங்கிய அர்த்தபதாகம். மோதிர விரலை உள்ளங்கைவரை அழுத்தாமல் நடுக்கணுவில் மட்டும் மடக்கினால் இழுப்பு குறையும். மறு கையால் சுண்டுவிரலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தினமும் 20 தடவை மடக்கி நிமிர்த்தினால் விரல் வழிக்கு வரும்.

மூடிய கை முஷ்டி; அதில் கட்டைவிரல் நிமிர்ந்தால் சிகரம். சிகரத்தில் கட்டைவிரல் கோணினால் முஷ்டியா சிகரமா என்றே தெரியாது. மலர்ந்த தாமரையைக் காட்டும் அலபத்மத்தில் விரல்களை விசிறிபோல விறைப்பாக விரிக்கிறார்கள். சுண்டுவிரல் நன்றாக உள்வாங்கி, அடுத்தடுத்த விரல்களில் வளைவு படிப்படியாகக் குறைந்தால்தான் பூ தெரியும். கைகளைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டும் தொடக்க நிலையான நாட்டியாரம்பத்தில் முழங்கை தொய்ந்தால் முத்திரை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எடுபடாது.

பெயரை நம்பி ஏமாறுவது வேறு ரகம். மிருகசீர்ஷம் என்றால் மான்தலை. நடு மூன்று விரலும் அடியில் மடங்க, கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டு நிற்கும். ஆனால் இதன் வினியோகத்தில், அதாவது இந்தக் கை எதையெல்லாம் காட்டலாம் என்ற பட்டியலில், வருவது பெண், கன்னம், கோலம், திருநீற்றுப் பட்டை, குடை பிடித்தல். மானைக் காட்டப் பலரும் பிடிப்பது சிம்மமுகம்!

இணையப் படங்களைப் பார்த்துப் பழகுவோருக்கு இன்னொரு குழி உண்டு. கேரளத்துக் கதகளி ஆட்டம் ஹஸ்தலட்சண தீபிகை என்ற நூல் சொல்லும் 24 முத்திரைகளைப் பின்பற்றுகிறது. அங்கே பதாகம் என்றால் மோதிர விரல் மடங்கிய கை, அதாவது நம் திரிபதாகம். படத்தில் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எந்த ஆட்டத்துக் கை என்றும் பார்த்துவிடுங்கள்.