கானாவாழைத் தோலில் நைட்ரிக் ஆக்சைடு பார்ப்பது எப்படி?

எங்கள் வேலந்தாவளம் பக்கம் கணவாய்க் காற்று அடித்து மண் காய்ந்தால், செடிகள் இலைத்துளைகளை மூடித் தண்ணீரைச் சேமிக்கும். மூடச் சொல்வது அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோன். அது சொன்னதை, துளையின் இருபுறமும் இருந்து அதைத் திறந்து மூடும் காப்புச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பவற்றில் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு வாயு. நம் ரத்தக் குழாயைத் தளர்த்துவதும் இதுதான். அந்தக் கண்டுபிடிப்புக்கு 1998-இல் மூவர் நோபல் பெற்றார்கள். அதே ஆண்டில் டோக்கியோவில் நாகானோ குழு வெளியிட்ட, இந்த வாயு இருந்தால் ஒளிரும் டிஏஎஃப்-2 சாயத்தைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம்.

முதலில் கானாவாழை இலை. அடிப்பக்கத் தோல் சுலபமாக உரியும். "ஏங் கண்ணு, நாங்க புடுங்கி எறியறத நீ பொறுக்கிட்டுப் போற?" என்றார் களையெடுத்த அக்கா.

உரித்த தோலை எம்இஎஸ் (பிஎச் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பொருள்) 10 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடு 50 மில்லிமோலார் கலந்த கரைசலில் (பிஎச் 6.15) மிதக்கவிட்டு, இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். துளைகள் திறக்கும்.

அடுத்து டிஏஎஃப்-2 டிஏ (அதே சாயம், அசிட்டைல் வால்கள் ஒட்டிய வடிவில்), 10 மைக்ரோமோலார், இருட்டில் 20 நிமிடம். இந்த வால்கள் செல் சவ்வைத் தாண்ட உதவும். உள்ளே எஸ்டரேஸ் நொதி வாலை வெட்டியதும் சாயம் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும். பிறகு நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாவது அதோடு வினைபுரிந்தால் பச்சை ஒளி. உண்டியலில் விழுந்த காசு மாதிரி, வாயு போன பின்னும் ஒளி குறையாது. அதனால் 'இப்போது எவ்வளவு' என்று இதைக் கேட்காதீர்கள்.

புதுக் கரைசலில் மூன்று முறை அலசுங்கள்.

இப்போது நான்கு தட்டுகள்: சாயமே இல்லாதது, சாயம் மட்டும், சாயமும் அப்சிசிக் அமிலமும், இவற்றோடு வாயுவைப் பிடித்துவிடும் சி-பிடிஐஓ சேர்த்தது. முதல் தடவை நான் மூன்றாவதை மட்டும் செய்தேன். பச்சையாக மின்னியது. ஒருநாள் முழுக்கச் சந்தோஷம்! மறுநாள் சாயம் மட்டும் போட்ட தட்டும் அதே அளவுக்கு மின்னியது. சாயக் குப்பியை ஜன்னலோரம் வெயிலில் வைத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, இருட்டில், மைனஸ் 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டும்.

நுண்ணோக்கியில் 495 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியூட்டி 515-இல் பாருங்கள். நான்கு தட்டுக்கும் ஒரே எக்ஸ்போஷர். பச்சையம் சிவப்பாக ஒளிரும்; அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

சி-பிடிஐஓ சேர்த்த பிறகும் ஒளி குறையவில்லையா? டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி-யின் ஆக்சிஜனேற்ற வடிவம்) இந்தச் சாயத்தோடு சேர்ந்து ஒளிரும். அந்தப் படத்தை வைத்து 'வாயு இருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள்.