ஏர்சாஃப்ட் களத்துக்கான வரலாற்றுப் படை உடுப்பும் தளவாடமும்: சேர்ப்பதும் பேணுவதும்

ஒரு குறிப்பிட்ட போரை மறுபடி நிகழ்த்திப் பார்க்கும் ஏர்சாஃப்ட் (சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கிகளோடு ஆடும் போர் விளையாட்டு) ஆட்டத்துக்கு உடுப்பும் தளவாடமும் சேர்க்க நினைப்பவர், எந்தப் படை, எந்தப் பிரிவு, எந்தப் போர்முனை, எந்த மாதம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே விலைப்பட்டியலைத் திறக்க வேண்டும். “இரண்டாம் உலகப் போர், அமெரிக்கக் காலாட்படை” என்று எழுதினால் போதாது. 1944 ஜூனில் நார்மண்டியில் கரையிறங்கிய அமெரிக்கக் காலாட்படை வீரரைப் பொதுவாக எம்-1941 மேலங்கி, கம்பளிக் கால்சட்டை, குட்டையான தோல் பூட்ஸ், அதன்மேல் கயிறிட்டுக் கட்டிய கான்வாஸ் லெகிங்ஸ் ஆகியவற்றோடு பார்க்கிறோம். பச்சை நிற எம்-1943 மேலங்கியும், மேற்புறம் இரண்டு பக்கிள் வைத்த உயரமான பூட்ஸும் அந்த முனையில் பரவியது அதற்குப் பிந்தைய மாதங்களில்தான். செப்டம்பரில் ஹாலந்தில் குதித்த 82ஆம், 101ஆம் வான்வழிப் பிரிவுகளுக்குப் புதிய மேலங்கி வந்துவிட்டிருந்தது. ஆகவே ஜூன் மாத ஆட்டத்துக்கு அந்த மேலங்கியோடு வருபவர், ஒவ்வொரு பொருளையும் தரமாக வாங்கியிருந்தும், மொத்தத்தில் தவறாக உடுத்தியவராகிறார்.

இதில் கைக்கொள்ளத்தக்க விதி எளிது: பழைய பொருள் பிந்தைய தேதியில் இருக்கலாம், புதிய பொருள் முந்தைய தேதியில் இருக்கக் கூடாது. படைக் கிடங்குகள் எதையும் ஒரே நாளில் மாற்றியதில்லை என்பதால், 1945இல்கூட 1942இல் செய்த பை ஒருவரின் இடுப்பில் தொங்கியிருக்கும். வியட்நாம் காலத்துக்கும் இதே விதிதான்: எம்-1956 கான்வாஸ் தளவாடம் போர் முழுவதற்கும் பொருந்தும், நைலானில் வந்த எம்-1967 தளவாடத்தைப் போரின் பிற்பகுதிக்கு மட்டுமே எடுக்க வேண்டும். சான்றாகத் தேதியும் பிரிவும் தெரிந்த அக்காலப் புகைப்படங்களையே கொள்ளுங்கள். திரைப்படமும் பிற ஆட்டக்காரர்களின் படங்களும் சான்றாகா, ஏனெனில் ஒருவர் செய்த பிழை அவற்றின் வழியேதான் நூறு பேருக்குப் பரவுகிறது.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது சாதாரணத் துப்பாக்கி வீரராக இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பாராசூட் வீரர், ஸ்னைப்பர், அதிகாரி ஆகிய வேடங்களுக்கு எல்லோரும் ஆசைப்படுவதால், பத்து அதிகாரிகளுக்கு இரண்டு சிப்பாய் என்ற விசித்திரமான படைகள் களத்தில் உருவாகின்றன. ஜெர்மன் தரப்பை எடுப்பவர், எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) அடையாளங்களுக்கு அமைப்பாளர்களின் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். ஜெர்மனியில் ஸ்வஸ்திகா முதலிய சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி தண்டனைக்குரியது.

வாங்கும் வரிசையில் பூட்ஸ் முதலில் வர வேண்டும். துப்பாக்கி கடைசியில் வந்தால் போதும். நாள் முழுவதும் ஓட வேண்டியவருக்குக் கால் புண்ணானால் மற்றவை எதுவும் பயன்படாது. பிரிட்டிஷ் அம்யூனிஷன் பூட்ஸின் அடியில் அடித்த இரும்பு ஆணிகள் புல்லில் பிடிப்பைத் தரும், ஆனால் சிமெண்டுத் தரையிலும் இரும்புப் படியிலும் வழுக்கும். கட்டடங்களுக்குள் நடக்கும் ஆட்டமானால் ரப்பர் அடி வைத்த நகலே பாதுகாப்பானது. பூட்ஸுக்குப் பின் கால்சட்டை, மேலங்கி, பெல்ட்டும் பைகளும், ஹெல்மெட் என்ற வரிசையில் செல்லலாம். பெல்ட்டின் அளவை வெறும் இடுப்பில் எடுக்காமல், கம்பளி உடுப்பு முழுவதையும் அணிந்த பிறகே எடுக்க வேண்டும்.

அசல் பொருளா நகலா என்ற கேள்விக்கு, களத்துக்கு நகல், ஒப்பிட்டுப் பார்க்க அசல் என்பதே என் விடை. எண்பது ஆண்டு கடந்த தையல் நூல், துணி பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும். ஒருமுறை குப்புற விழுந்தால் பை தனியே கழன்றுவிடும். ஓர் அசல் பொருளை மட்டும் எக்காரணம் கொண்டும் அணியக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க்கால எரிவாயு முகமூடிகள் பலவற்றின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மூச்சுவிடாமல் புகைப்படத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்பதும் வேண்டாம். முகமூடிக்கான பையில் அதே எடையுள்ள வேறொன்றை வைத்து மூடிவிடுங்கள். இருட்டில் ஒளிரும் அக்காலத் திசைகாட்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றில் ரேடியம் பூச்சு இருக்கக்கூடும் என்பதால், அவற்றைத் திறந்து பழுதுபார்க்கவும் முயலாதீர்கள்.

தளவாடத்தைக் கோப்பதற்குப் பிரிட்டிஷ் 1937 மாதிரி வெப்பிங்கை (பெல்ட், தோள்பட்டிகள், பைகள் சேர்ந்த கான்வாஸ் தொகுப்பை) எடுத்துக்கொண்டால் தத்துவம் விளங்கிவிடும். பெல்ட்டின் முன்புறம் இரண்டு பெரிய பைகள் பின்னுள்ள கொக்கிகளால் மாட்டப்படுகின்றன. தோள்பட்டிகள் பைகளின் மேலுள்ள பக்கிளில் தொடங்கித் தோளைக் கடந்து, முதுகில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, பெல்ட்டின் பின்புறப் பக்கிள்களில் வந்து இறங்குகின்றன. பட்டிகளின் எஞ்சிய முனைகள் தொங்கட்டும், வெட்டிவிட வேண்டாம். தண்ணீர்க் குப்பியின் தாங்கி அவற்றில்தான் மாட்டப்படுகிறது. பாரம் இடுப்புக்கும் தோளுக்கும் பகிரப்பட வேண்டும் என்பதே ஏற்பாட்டின் நோக்கம். எனவே பைகளை மகசின்களால் (துப்பாக்கியில் பொருத்தும் குண்டுக் கூடுகளால்) நிரப்பிய பிறகே பட்டியின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். வெறும் பையோடு சரிசெய்தால், பாரம் ஏறியதும் பெல்ட் முன்பக்கம் தாழ்ந்து, ஓடும்போது பைகள் தொடையில் மோதும். இந்தப் பைகள் பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியின் மகசின்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை; ஸ்டென் என்ற சிறு இயந்திரத் துப்பாக்கியின் நீளமான மகசினுக்காகப் பிற்பாடு மூன்றாம் வகைப் பையைச் சற்று நீட்டினார்கள். ஸ்டென் வைத்திருப்பவர் பையின் வகையைப் பார்த்து வாங்கினால் மூடி சரியாக மூடும்.

கண் பாதுகாப்பில் மட்டும் வரலாற்றுத் துல்லியத்துக்கு இடமில்லை. 0.20 கிராம் குண்டு ஒரு ஜூல் ஆற்றலோடு புறப்பட்டால் அதன் வேகம் வினாடிக்கு 100 மீட்டர். ஐரோப்பிய இஎன் 166 தரத்தில் ‘எஃப்’ குறியிட்ட கண்ணாடி, 0.86 கிராம் எஃகுக் குண்டு வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதுவதற்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. கணக்கிட்டால் அது ஒரு ஜூலுக்கும் குறைவு. ‘பி’ குறி 120 மீட்டர் வேகத்துக்கானது, அதாவது ஆறு ஜூலுக்கு மேல். ஆகவே ‘பி’ குறியுள்ள, கண்ணைச் சுற்றி முழுதும் மூடும் கண்ணாடியையே வாங்குங்கள். அக்கால மோட்டார் சைக்கிள் கண்ணாடிகளின் கண்ணாடித் தகடு உடைந்து கண்ணுக்குள் போகும்; ஹெல்மெட்டின் மேல் அலங்காரமாக இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடியின் பட்டியைக் காக்கி அல்லது பழுப்புத் துணியால் மூடிவிட்டால் பத்தடிக்கு அப்பால் யாருக்கும் உறுத்தாது.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பல நிகழ்வுகள் அசலின் கொள்ளளவையே மகசினில் அனுமதிக்கின்றன: அமெரிக்கக் காரண்டுக்கு 8, பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டுக்கு 10, ஜெர்மன் கார்98கேவுக்கு 5, ஜெர்மன் எம்பி40க்கு 32. நூற்றுக்கணக்கான குண்டுகளை நிரப்பித் திருகும் மகசின் அங்கே உதவாது. பிரிட்டனில் அசலைப் போன்ற தோற்றமுள்ள துப்பாக்கியை வாங்க 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிய காரணம் காட்ட வேண்டும். அமெரிக்காவில் விற்பனைக்கு வருபவற்றின் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். எங்கு வாழ்ந்தாலும் உள்ளூர்ச் சட்டத்தை அறிந்துகொண்டு, பயணத்தில் துப்பாக்கியை மூடிய பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.

பராமரிப்பு ஆட்டம் முடிந்த அன்று மாலையே தொடங்க வேண்டும், ஏனெனில் ஈரமாகச் சுருட்டி வைத்த கான்வாஸில் பூஞ்சை பிடித்துவிட்டால் கறையும் வாடையும் எளிதில் போவதில்லை. பைகளைக் காலி செய்து, மூடிகளைத் திறந்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். சேற்றை ஈரத்தில் தேய்த்தால் நெசவுக்குள் இறங்கும். காய்ந்த பிறகு கெட்டியான பிரஷால் தட்டினால் உதிர்ந்துவிடும். வாஷிங் மெஷினில் போட்டால் கான்வாஸ் சுருங்கி நிறம் வெளுக்கும், பித்தளைக் கொக்கிகளும் துணியைக் கிழிக்கும். அக்காலப் பிரிட்டிஷ் வீரர்கள் வெப்பிங்கில் பிளாங்கோ என்ற வண்ணக் கட்டியை ஈர பிரஷால் தேய்த்துப் பூசினார்கள். நீங்களும் பூசினால் மழையில் அது மேலங்கியில் இறங்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

தோலை அடுப்பருகிலோ வெயிலிலோ உலர்த்தினால் வெடித்துவிடும். பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து அறை வெப்பத்தில் காயவிட்டு, பிறகு டப்பின் என்ற தோல் மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும்; எண்ணெயில் ஊறவைத்த தோல் தளர்ந்து தையலை இழுக்கும். தோல் பட்டியில் பித்தளை தொடும் இடத்தில் பச்சை நிற மெழுகுபோல் படிவது, தோலிலுள்ள கொழுப்பு செம்போடு வினைபுரிவதால் வருகிறது. அதை மரக்குச்சியால் சுரண்டித் துணியால் துடைத்தெடுங்கள், கத்தி வேண்டாம்.

கம்பளி உடுப்பைச் சூடான நீரில் நனைத்தால் கெட்டிப்பட்டுச் சுருங்கிவிடும். பெரும்பாலும் பிரஷ் செய்து காற்றில் தொங்கவிட்டாலே அது சுத்தமாகிவிடும், கட்டாயமானால் குளிர்ந்த நீரும் கம்பளிக்கான சோப்பும் போதும். அந்துப் பூச்சி வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தையே முதலில் தேடி முட்டையிடும் என்பதால், அழுக்கோடு ஒருபோதும் பெட்டியில் மூடாதீர்கள்.

மின்துப்பாக்கியில் மகசினைக் கழற்றி, உள்ளே எஞ்சிய குண்டைச் சுட்டு வெளியேற்றிய பிறகு பேட்டரியை எடுத்துவிட வேண்டும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழுச் சார்ஜில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஊதிக் கெடும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், எளிதில் தீப்பற்றாத பையில் வையுங்கள். குழாயை உலர்ந்த துணியால் துடைத்து, ரப்பர் பாகங்களுக்குச் சிலிக்கான் எண்ணெயை மட்டும் ஒரு துளி இடுங்கள். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மரக் கட்டையில் ஆளிவிதை எண்ணெயை விரல்நுனியால் தேய்த்து, ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே உறையில் இடுங்கள். எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள், அது தானாகவே தீப்பிடிக்கக் கூடியது.